கரியில் சிவப்பு இல்லை

ஸ்ரீவில்லிபுத்தூர்
2 ஜூன் 1941, திங்கள்

தங்கை இன்பத்துக்கு அக்கா ஏசம்மாள் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அத்தானும் சுகம்.

மூன்று வருஷம் பேசாதிருந்தவள் இப்போது எழுதுகிறாளே என்று நினைப்பாய். மூன்று வருஷமும் நாலு மாதமும் ஆகிறது. என் நோட்டில் குறித்திருக்கிறேன். சமாதானம் பேச இதை எழுதவில்லை. காதில் விழுந்த ஒரு விஷயம் மெய்யா என்று அறியவே எழுதுகிறேன்.

பூ விற்கிற சண்முகத்தாய் உங்கள் ஊர்ச் சந்தையில் உன்னைப் பார்த்தாளாம். "உங்க தங்கச்சி முழுகாம இருக்கா, அஞ்சு மாசம் இருக்கும், மூஞ்சி வெளுத்துப் போச்சு. போன தடவை மாதிரி ஆயிரக் கூடாது" என்று வந்து சொன்னாள். போன தடவை என்று ஒன்று இருந்ததே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பூக்காரி முன்னால் தெரிந்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டேன்.

போன தடவை எத்தனாவது மாதம்? என்ன தேதி? எழுதச் சொல்.

அம்மாவின் வேதபுத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. அதன் முன்தாளில் நம் வீட்டுப் பிறப்பு, விவாகம், மரணம் எல்லாம் வரிசையாக இருக்கிறது. என் விவாகத்துக்குக் கீழே பத்து வருஷமாக ஒரு வரியும் சேரவில்லை. உன் பிறப்பு இருக்கிறது. உன் விவாகம் இல்லை. படத்துக்கு மெழுகுவர்த்தி கொளுத்துகிற கத்தோலிக்கக் கோவிலில் நடந்த கல்யாணத்தை நான் எழுதவில்லை. அது உனக்குத் தெரிந்ததுதான்.

உனக்கு வாசிக்கத் தெரியாது. யாரோ வாசித்துத்தான் இதைக் கேட்கப் போகிறாய். வாசிப்பவர் நிறுத்தி நிறுத்தி வாசிக்கவும்.

கோபம் இருந்தாலும் உனக்கு அக்காளாகவே இருக்கிற
ஏசம்மாள் தேவஇரக்கம்


உ

ராஜபாளையம்
9.6.41

அக்காவுக்கு இன்பம் சொல்லி எழுதுவது. எழுதுகிறவர் தபாலாபீஸ் வாசல் பால்பாண்டி. சொன்னதைச் சொன்னபடி எழுதுவது என் வழக்கம். கூட்டுவதில்லை, குறைப்பதில்லை.

அக்கா, நல்லாயிருக்கேன். உன் கடுதாசி வந்துச்சு. அண்ணாச்சி வாசிச்சாவ. நிறுத்தி நிறுத்தி வாசிக்கணும்னு நீ போட்டிருந்தியா, அண்ணாச்சிக்குக் கோவம் வந்துட்டு. "நாப்பது வருசமா வாசிக்கேன், எனக்கே வாத்தியாரம்மாவா"ன்னு கேட்டாவ. அதை எழுதாதிய அண்ணாச்சி. எழுதிட்டியளா? சரி, இருக்கட்டும்.

நீ கேட்டது மெய்தான். ஆவணிக் கடைசின்னு சொல்லுதாவ. போன தடவை நாலாம் மாசம். தேதி தெரியல. மழை பேஞ்சுக்கிட்டிருந்துச்சு. மில்லுல காலைச் சங்கு ஊதுச்சு. கதவுல ஒரு பல்லி இருந்துச்சு, வாலை ஆட்டிக்கிட்டே இருந்துச்சு. அம்புட்டுதான் எங்கிட்ட இருக்கு. தேதி வேணும்னா பல்லியைத்தான் கேக்கணும்.

அவிய மில்லை விட்டுட்டுப் பட்டாளத்துல சேந்து மாசியில போனாவ. பம்பாயில கப்பல் ஏறினதா ஒரு கார்டு வந்துச்சு, அதோட சரி. வீட்டுல நானும் மாதா படமும்தான். நீ திட்டுவே. ஆனா அந்தப் படத்தைப் பாத்தாத்தான் எனக்குச் செபம் வருது. ஒண்ணு சொல்லட்டுமா அக்கா? மாதா பிள்ளையை இடக்கையிலதான் வச்சிருக்கா. அவளை யாரும் கட்டிப் போடல. நீ என் இடக்கையை நாடாவால முதுகுப் பக்கம் கட்டிவச்சு 'அ' எழுதச் சொன்னே.

நீ எழுதுறது அண்ணாச்சி வாயில வந்து என் காதுல விழுந்து அதோட போயிருது. மறுபடி கேக்கணும்னா மறுபடி இம்புட்டுத் தூரம் நடக்கணும். படம்னா தலைமாட்டுல இருக்கும்.

பேறுகாலத்துக்கு நீ வருவியா? அம்மா இருந்தா உன்னைக் கேக்க மாட்டேன். வாரதுன்னா வாரேன்னு எழுது. இல்லாட்டி இல்லைன்னு எழுது. சுத்தி வளைச்சு எழுதாதே, அண்ணாச்சிக்கு மூச்சு வாங்குது.

இன்பம்
(சொன்னவள் கைநாட்டு, இடது பெருவிரல்)


ஸ்ரீவில்லிபுத்தூர்
13 ஜூன் 1941, வெள்ளி

இன்பத்துக்கு,

கடிதத்தின் தலையில் அந்த மனிதர் பிள்ளையார் சுழி போட்டிருந்தார். ரப்பரால் அழித்துப் பார்த்தேன், மை போகவில்லை, தாள்தான் தேய்ந்தது. இனி எனக்கு வரும் கடிதத்தில் அது வேண்டாம் என்று சொல்.

கையைக் கட்டினது உன் நன்மைக்கு. எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? ஆலயத்தில் எல்லாரும் சொல்லுகிற ஜெபம் மனப்பாடமாகத் தெரியும். அந்தப் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு, வாய் சொல்லச் சொல்ல விரலை நகர்த்தி, எது எந்த எழுத்து என்று நானே கண்டுபிடித்தேன். இரண்டு மழைக்காலம் ஆயிற்று. அந்தக் கஷ்டம் உனக்கு வேண்டாமென்றுதான் பலகையில் 'அ' போட்டுக் கொடுத்துவிட்டு உலை வைக்கப் போவேன். திரும்பி வந்தால் அந்த 'அ'வுக்கு மீசையும் வாலும் முளைத்திருக்கும். ஒரு நாள் வேதபுத்தகத்தின் ஓரத்தில் ஆட்டுக்குட்டி வரைந்து வைத்தாய். அன்று அடித்தேன். இன்றும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை.

படம் பார்ப்பவருக்குத் தக்கபடி ஆளுக்கு ஒன்று சொல்லும். எழுத்து எல்லாருக்கும் ஒன்றையே சொல்லும். அதனால்தான் ஆண்டவர் கற்பலகையில் எழுதிக் கொடுத்தார், வரைந்து கொடுக்கவில்லை.

வருவேனா என்று கேட்டாய். உன் வாசலை மிதிப்பதில்லை என்று சொன்னவள் நான். அந்தச் சொல்லை நான் மீற வேண்டுமானால் நீ கூப்பிட வேண்டும். தபாலாபீஸ் வாசலில் நாலு பேர் கேட்க அல்ல, உன் கையால் கூப்பிடு. ஒரே எழுத்து போதும். 'வா'. இதோடு மாதிரி வைத்திருக்கிறேன், பக்கத்தில் உன் பெயரும் இருக்கிறது. பார்த்துப் பழகு.

அது வந்த அன்றே புறப்படுவேன்.

ஏசம்மாள்


உ

ராஜபாளையம்
7.7.41

அக்காவுக்கு இன்பம் சொல்லி எழுதுவது. சுழி இல்லாமல் எனக்குப் பேனா ஓடாது. அம்மாள் பொறுத்துக்கொள்ள வேண்டியது. எழுதுகிறவர் பால்பாண்டி.

அக்கா, நீ அனுப்பின எழுத்தைச் சுவத்துல ஒட்டி வச்சிருக்கேன், மாதாவுக்குப் பக்கத்துல. அழகா எழுதியிருக்கே. ஆனா எனக்கு அது எழுத்தாத் தெரிய மாட்டேங்கு. 'இ' முட்டையில உக்காந்த கோழி. 'ப' கூரை இல்லாத வீடு. மேல வச்சிருக்கிற புள்ளி ரெண்டும் காக்கா. கோழியை வீட்டுக்குள்ள விட்டுக் கூரையைப் போட்டாத் தேவலைன்னு தோணுது.

'வா' தினமும் போடுதேன். கரித்துண்டை வச்சுத் தரையில. அண்ணாச்சி ஒரு நாள் பாத்துட்டுச் சிரிச்சாவ. "ஏட்டி, 'வா'ன்னு போடச் சொன்னா 'ரவ'ன்னு போட்டிருக்கே, உங்க அக்கா ரவையை வாங்கிட்டுத்தான் வந்து நிப்பா"ன்னாவ. துணைக்காலை முதல்ல போட்டுட்டு 'வ'வைப் பொறவு போடுதேனாம். எப்படிப் போட்டா என்ன? நான் வலப்பக்கத்துல ஆரம்பிச்சு இடப்பக்கமாத்தான் வருவேன். அந்தப் பக்கமிருந்து வந்தா என் கையே நான் போட்டதை இழுவிட்டுப் போயிருது.

அண்ணாச்சி உன் விலாசம் எழுதி ரெண்டு கார்டு தந்திருக்காவ, ஒண்ணு கெட்டுப்போனா ஒண்ணுக்கு. 'வா' நேரா வந்ததும் பின்பக்கம் போட்டு அனுப்பச் சொன்னாவ. பிள்ளை நல்லா உதைக்கி. ராத்திரியும் பகலும் தெரியல அதுக்கு.

இன்பம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
16 ஆகஸ்டு 1941, சனி

இன்பத்துக்கு,

உன் கார்டு இன்று காலைத் தபாலில் வந்தது. 'வா' இருக்குமென்று கண்ணாடி போட்டுத் தேடினேன். எழுத்து ஒன்றும் இல்லை. கரியால் மூன்று படம்.

இருந்தாலும் வாசித்தேன். முதலில் மாட்டுவண்டி, அதில் கொண்டை போட்ட ஒரு பெண். அது நான். நடுவில் சாத்தின கதவு. தாழ்ப்பாளைக்கூடத் தெளிவாகப் போட்டிருக்கிறாய். கடைசியில் பாயில் ஒரு பெண் படுத்திருக்கிறாள், அது நீ. உன்னை ஒட்டிக் கருப்பாகத் துணியில் சுற்றின பிள்ளை.

எனக்குப் புரிந்தது. நான் வண்டி கட்டி வந்தாலும் உன் கதவு சாத்தித்தான் இருக்கும். பிள்ளை பிறந்துவிட்டது, இனி அக்கா வேண்டியதில்லை. நான் வைத்த நிபந்தனைக்கு இது உன் பதில் என்று எடுத்துக்கொள்கிறேன். கேலி செய்யவாவது என்னை நினைத்தாயே.

ஆவணிக் கடைசி என்றாய். இன்னும் எட்டு மாதம் முடியவில்லையே என்று நோட்டை எடுத்துப் பார்த்தேன். நான்தான் மாதத்தைத் தப்பாகக் கூட்டியிருக்கிறேன் போலிருக்கிறது.

பிள்ளைக்காக முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் செலுத்தினேன். அத்தான் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "போய்ப் பாத்துட்டு வந்துருவமே, அரை மணி ரயிலுதானே" என்றார். கதவைச் சாத்தினவள் வாசலில் போய் நிற்க என்னால் ஆகாது என்றேன்.

பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, கிழமை, நேரம் எழுதி அனுப்பச் சொல். முன்தாளில் எழுத வேண்டும். உன்மேல் எனக்குள்ள வருத்தம் பிள்ளைமேல் இல்லை.

ஏசம்மாள்


ராஜபாளையம்
21.8.41

அக்காவுக்கு இன்பம் சொல்லி எழுதுவது. அவள் வீட்டில் இருந்து எழுதப்படுகிறது.

பிள்ளை இல்லை.

திங்கக்கிழமை சாயங்காலம் பிறந்துச்சு. பொம்பளப்பிள்ளை. அன்னைக்கு ராத்திரிச் சங்கு ஊதுறவரைக்கும் இருந்துச்சு. சாமியாரைக் கூப்பிட நேரமில்லை. பக்கத்து வீட்டுப் பரிபூரணம் மதினிதான் தண்ணி ஊத்திப் பேர் வச்சாவ. நீ கேட்ட கிழமையும் நேரமும் இதுதான்.

உன் கடுதாசி செவ்வாக்கிழமை வந்துச்சாம். மதினி தபாலாபீசுக்குக் கொண்டுபோயி வாசிக்கச் சொல்லிருக்காவ. அண்ணாச்சி தனக்குள்ள வாசிச்சுட்டு மடிச்சுக் கொடுத்து, இதை இப்ப அவகிட்டச் சொல்ல வேண்டாம்னாவளாம். இன்னைக்குத்தான் கேட்டேன். ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். ரெண்டு தடவையும் ஒண்ணையேதான் சொல்லுது. எழுத்து மாறாதுன்னு நீ சொன்னது சரிதான்.

போன வாரம் வியாழக்கிழமை ரத்தம் பட ஆரம்பிச்சுது. ரத்தம்னே எழுதுங்க அண்ணாச்சி. அன்னைக்கு உங்ககிட்ட வந்து நின்னேன். "என்னம்மா எழுதணும்"னு கேட்டிய. மணியார்டருக்கு நாலு ஆம்பளைய நின்னாவ. "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, சும்மாதான்"னு வந்துட்டேன். இப்ப என்ன வெக்கம். எழுதுங்க.

மதினி கூமாப்பட்டிக்கு அவிய அப்பன் வீட்டுக்குப் போயிருந்தாவ. எந்திரிச்சா கூடுதலாப் போகுது, படுத்தா நிக்கி. அதனால படுத்துக்கிட்டே வரைஞ்சேன். 'வா' எனக்கு நேரா வரல அக்கா. படமாப் போட்டா உனக்குத் தெரியும்னு நெனச்சேன். படுத்திருக்கேன், அடியில ரத்தம் போகுது. கதவு சாத்திக் கிடக்கு, ஏன்னு கேக்க ஆளில்லை. நீ வண்டி கொண்டு வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம். இதான் போட்டேன்.

கரியில சிவப்பு இல்லை. கருப்பாத்தான் போட்டேன். அதை நீ பிள்ளைன்னு வாசிச்சிருக்கே.

தயிர்க்கார மாடத்திகிட்டத்தான் கார்டைக் கொடுத்துப் போடச் சொன்னேன். "என்னம்மா இந்நேரம் படுத்திருக்கிய, யாரையும் கூட்டியாரவா"ன்னு கேட்டா. "வேண்டாம், எங்க அக்கா வரப்போறா"ன்னேன். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் தெருவுல வண்டிச் சத்தம் கேட்டாத் தலையைத் தூக்குவேன். எல்லா வண்டியும் தாண்டித்தான் போச்சு. மதினி வந்தது ஞாயித்துக்கிழமை இருட்டுன பொறவு.

அழுகை வரல. பால் கட்டியிருக்கு. அதையும் எழுதிட்டியளா? சரி.

இதோடு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். செத்த நேரம் இருந்து பார்த்தேன். கைநாட்டு வாங்கவில்லை.
பால்பாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
25 ஆகஸ்டு 1941, திங்கள்

இன்பத்துக்கு,

வெள்ளிக்கிழமை உன் கடிதம் வந்தது. உறையைப் பிரித்ததும் தாளின் தலையைத்தான் பார்த்தேன். சுழி இல்லை. சாவுச் சேதிக்கு அதைப் போடமாட்டார்கள். சுழி இல்லாமல் பேனா ஓடாது என்றவர் போடாமல் எழுதியிருக்கிறார். ஒரு எழுத்தையும் படிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ரப்பரால் தேய்த்தேனே, அந்தச் சுழி இந்தக் கடிதத்தில் இருந்திருந்தால் போதும் என்று நினைத்தேன். நினைத்தது பாவமா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை வந்தேன். நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். பேச வாயெடுத்தேன், ஒன்றும் வரவில்லை. எனக்கு எழுத மட்டும்தான் வரும் போலிருக்கிறது. பானையை விளக்கி, கஞ்சி காய்ச்சி மூடிவைத்துவிட்டு, சாயங்கால வண்டியில் திரும்பிவிட்டேன். உன் சுவரில் நான் எழுதின 'வா' இருந்தது.

எப்படி அப்படி வாசித்தேன் என்று சொல்ல வேண்டும். இடமிருந்து வலம் வாசித்தேன். வரியை வாசிக்கிற மாதிரி. வண்டி, கதவு, பாய். நீ பாயில் ஆரம்பித்து வண்டியில் முடித்திருக்கிறாய். அத்தானிடம் கார்டைக் காட்டி உன் கடிதத்தைப் படித்துச் சொன்னேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அந்தப் பிள்ளை இடக்கைக்காரியில்லா" என்றார்.

ஜூலை ஏழாம் தேதிக் கடிதத்தை எடுத்தேன். வந்த கடிதம், போன கடிதம் எல்லாம் என்னிடம் நூல் கட்டி வரிசையாக இருக்கிறது. அதில் எழுதியிருக்கிறது. "வலப்பக்கத்துல ஆரம்பிச்சு இடப்பக்கமாத்தான் வருவேன்." ரவைக்காக நான் சிரித்த கடிதம். நோட்டில் அந்தத் தேதிக்கு நேரே, 'இன்பம் சுகம், எழுத்து வரவில்லை' என்று குறித்திருக்கிறேன். எழுதியிருந்ததை நான்தான் படிக்கவில்லை. எழுத்தும் படிப்பவருக்குத் தக்கபடிதான் சொல்லுகிறது.

மாதக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. என் கணக்கில் பிசகு என்று எழுதினேனே, பிசகு இல்லை. எட்டு மாதம் முடிய இன்னும் நாள் கிடந்தது. நோட்டு சரியாகச் சொன்னது.

உன் கையைக் கட்டின நாடா நீலம். இதை நான் எந்த நோட்டிலும் எழுதி வைக்கவில்லை. எப்படி நினைவிருக்கிறது என்று தெரியவில்லை. ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. உனக்கு ஏழு வயது.

எனக்குத் துக்கம் என்று சொல்லும்படி ஒன்றும் தெரியவில்லை. கை தன்பாட்டில் வேலை செய்கிறது. நேற்றுக் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டிருக்கிறேன். அத்தான் தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார், நானும் சாப்பிட்டேன், எனக்கு உறைக்கவில்லை. ஜெபத்தில் முழங்கால் போடுகிறேன், வாய் சொல்லுகிறது, ஆமென் வந்ததும் எழுந்துவிடுகிறேன்.

பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

ஏசம்மாள்


ராஜபாளையம்
8.9.41

அக்காவுக்கு இன்பம் சொல்லி எழுதுவது.

சுழி போடவான்னு அண்ணாச்சி கேட்டாவ. உங்க இஷ்டம்னேன். ரொம்ப நேரம் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு இருந்துட்டுப் போடாமலே ஆரம்பிச்சுட்டாவ. அதனால பயப்படாதே. இங்க இனிமே சாக ஆளில்லை.

அன்னைக்கு நீ வந்தது தெரியும். பானையை நீ விளக்குற சத்தம் எனக்குத் தெரியாதா? மூணு சுத்து, ஒரு தட்டு. திரும்பணும்னு தோணல. கோவம்னு நெனைக்காதே. கோவம் இருந்தாத் திரும்பியிருப்பேன்.

கஞ்சியைக் குடிச்சேன். மதினி கொடுத்தா குடிக்கேன். வேலைக்குப் போகச் சொன்னா போவேன். காலையில கதவைத் திறக்கேன், பொழுது விழுந்தாச் சாத்துதேன். நடுவுல என்ன செஞ்சேன்னு கேட்டாத் தெரியல.

பட்டாளத்துக்கு அவியளுக்குக் கடுதாசி போட்டாச்சு. பெண் குழந்தை பிறந்து இறந்தது, தாய் சுகம்னு அண்ணாச்சி எழுதினாவ. அவிய கேப்பாவ, யாரு சாயல்னு. இருந்த நேரத்துக்கு நான் அவளைப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். "மூக்கும் முழியுமா இருந்தான்னு எழுதட்டுமா"ன்னு அண்ணாச்சி கேட்டாவ. எல்லாப் பிள்ளைக்கும் மூக்கும் முழியும் உண்டே அண்ணாச்சி. இவ மூக்கு வேற. "சரி, எப்படி இருந்துச்சு, சொல்லு, எழுதுதேன்"னாவ. சொல்லப் பாத்தேன். சொன்னது எல்லாம் வேற பிள்ளை மாதிரி இருந்துச்சு.

படமாப் போட்டுருவோம்னு கரியை எடுத்தேன். முகத்துக்கு வட்டம் போட்டேன். உள்ள போட வரல. எனக்கு வராம இருந்ததே இல்லையே அக்கா. கண்ணை மூடினா எல்லாம் வரும், பல்லிகூட வரும். இது வர மாட்டேங்கு. தினம் ஒண்ணு போயிட்டிருக்கு. முந்தாநேத்துப் புருவம் இருந்துச்சு, நேத்துப் பாத்தாக் காணும். எல்லாம் போன பொறவு யாருகிட்டப் போயி வாங்குறது? அவளைப் பாத்தது நானும் மதினியும்தான். மதினி பாத்தது என்னை, அவளை இல்லை.

எழுதி வச்சாப் போகாதுன்னு சொல்லுவியே. இதை எப்படி எழுதி வைக்கிறது? உனக்குத் தெரிஞ்சாச் சொல்லு. நெசமாத்தான் கேக்கேன், குத்திக்காட்டிக் கேக்கல.

பேரு கேட்டிருந்தே. அதை மட்டும் அண்ணாச்சி வழியாச் சொல்லல. அண்ணாச்சி, கோவிச்சுக்காதிய.

கோபமில்லை. பா.


ஸ்ரீவில்லிபுத்தூர்
12 செப்டம்பர் 1941, வெள்ளி

இன்பத்துக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. நீ கேட்டதற்கு என்ன எழுத என்று இரண்டு நாளாகத் தாளை வைத்துக்கொண்டு இருந்தேன். இன்று காலை உன் கார்டு வந்துவிட்டது.

ஒரு வட்டம். உள்ளே ஒன்றும் இல்லை. கோடு வலப்பக்கத்தில் தடித்திருக்கிறது, அங்கே ஆரம்பித்திருக்கிறாய். அந்த மட்டும் பார்க்கத் தெரிந்துகொண்டேன்.

அத்தான், "கூப்பிடுதாளா, வேண்டாங்குதாளா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "என்ன அர்த்தம்னு எழுதிக் கேளேன்" என்றார். எழுதிக் கேட்டால் பதில் வர நாலு நாள். அதற்குள் உன்னிடமிருந்து இன்னும் என்னென்ன போய்விடுமோ. இந்தக் கார்டை நான் வாசிக்கப் போவதில்லை. மூன்று மணி ரயிலுக்குப் புறப்படுகிறேன்.

வேதபுத்தகத்தை எடுத்து முன்தாளைப் பிரித்தேன். 1938 பிப்ரவரி, இன்பம், சூசை, விவாகம் என்று எழுதினேன். மை காய்ந்த பிறகு அதன் கீழே, 1941 ஆகஸ்டு 18, திங்கள், மாலை, பெண் என்று எழுதினேன். மரணத்துக்கு அதே தேதியை மறுபடி எழுத வேண்டியிருந்தது. எழுதிவிட்டேன். பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். பெயருக்குப் பக்கத்தில் நாலு விரல் அகலத்துக்கு இன்னொரு இடமும் விட்டிருக்கிறேன். ஓரத்தில் ஆட்டுக்குட்டி போட்டதற்காக உன்னை அடித்த அதே புத்தகம்தான். அந்த ஆட்டுக்குட்டி இன்னும் இருக்கிறது. அதன் வலது காதுதான் முதலில் போட்டது என்று இன்று பார்த்தேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. பால்பாண்டி வாசிக்க வேண்டாம். தலைமாட்டில் உட்கார்ந்து நானே வாசித்துச் சொல்லுவேன். நேரில் எனக்குப் பேச வராது என்று எழுதினேனே, அதனால்தான் எழுதிக் கொண்டு வருகிறேன். நீ திரும்ப வேண்டாம். சுவரைப் பார்த்தே கேள்.

கரி உன் வீட்டில் இருக்கும். அத்தானின் பள்ளிக்கூடத்துச் சிவப்புப் பென்சிலையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். பிள்ளைக்கு உதடு உண்டே.

நீ வலப்பக்கத்தில் ஆரம்பி. என்ன வருகிறதோ அது. மூக்கு மட்டும் வந்தால் மூக்கு. தாள் நகராமல் நான் பிடித்துக்கொள்கிறேன். ஒன்றும் வராவிட்டால் அந்த இடம் அப்படியே இருக்கட்டும். அதன்மேல் நான் எதையும் எழுத மாட்டேன்.

உன் அக்கா